பொத்தான் தைக்க ஆள் தேவை

அன்பு மகளுக்கு,

கிராமத்துப் பெண்களுக்காக நீ தொடங்கிய தையல் கூடம் நன்றாக நடக்க வேண்டுமென்று தினமும் சாமியிடம் கேட்டேன். பெற்றவளை மறக்கும் அளவுக்கு நடக்க வேண்டுமென்று கேட்கவில்லை.

நேற்று உன் கூடத்துக்குச் சாப்பாட்டோடு வந்தேன். பொத்தான் தைக்கிறவள் உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு என் கைச்சமையல்னா உயிரும்மா!" என்று என்னிடமே பீற்றிக்கொண்டாள்.

நீயும், "இன்னும் ஒரு வாய், அக்கா" என்றாய். என் டப்பாவைத் திறக்காமலே திரும்பிவிட்டேன்.

பொத்தான் தைக்க ஆள் தேவை என்று வாசலில் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை வருகிறேன். எல்லோருக்கும் கொடுக்கிற கூலியே போதும். பைசா குறைந்தால் கேட்பேன், நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள்.

அங்கே என்னை அம்மா என்று கூப்பிட வேண்டாம். அக்கா என்றே கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்