கரடிமலைக் குதிரைகளும் கண்டனின் கட்டை விரலும்

மழை பருவம் தப்பாது பொழிக. எல்லை காப்போர் கண் அயராது காக்க. அவர்களைச் சுமக்கும் குதிரைகள் நோயின்றி நெடுநாள் வாழ்க.

வெண்குன்ற நாடு முழுதுடைய வீரவிடங்க மாராயர் திருவடி நிழலில் அமர்ந்து, அவருடைய குதிரைப்படைக்கும் இலாயங்களுக்கும் முப்பது ஆண்டுகளாகப் பொறுப்பேற்று நிற்கும் அமைச்சன் தேவன் பூதி, வட எல்லையில் பனியையும் பகையையும் ஒருங்கே தாங்கி நிற்கும் கரடிமலைக் கோட்டையின் தலைவர், இரு போரில் வாகை சூடிய ஏனாதி வயிரமேகனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உமது மதிலுக்கும், மதிலுக்குள் உறையும் மனிதர்க்கும் விலங்குகட்கும் நலமே உண்டாகுக.

இவ்வோலை கையில் சேர்ந்த அக்கணமே, எஞ்சிய வரிகளைப் படிக்கும் முன்பே, ஒன்று செய்க. குதிரைப்பாகன் கண்டனின் வலக்கைக் கட்டை விரலை வெட்டும் தண்டனையை நிறுத்துக. காரணம் பின்னே வருகிறது. காரணத்தைப் படித்து முடிப்பதற்குள் விரல் போய்விடக் கூடாது என்பதற்காகவே கட்டளையை முன்னே வைத்தோம். ஓலை மரபுக்கு இது மாறு என்று நம் எழுத்தன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும்.

இனிச் செய்தி. மார்கழி நடுவில் நீர் விடுத்த ஓலையில், கோட்டையின் குதிரைகள் நாற்பத்திரண்டும் எலும்பு தெரிய இளைத்துவிட்டன என்றும், பிடரியிலும் வாலடியிலும் மயிர் உதிர்ந்து திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது என்றும், இரவும் பகலும் தூணில் உராய்ந்து உராய்ந்து தூணே வழுவழுப்பாகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர். குதிரைகளுக்கு அளந்து கொடுத்த கொள்ளுத் தானியத்தைக் கண்டன் திருடி விற்றதே இளைப்புக்குக் காரணம் என்றும், அவனுடைய நீண்ட குடுமியிலிருந்த பேனே குதிரைகள்மேல் ஏறியது என்றும் இரண்டு குற்றம் சாட்டியிருந்தீர். அவன் தலையை மழித்துச் சிறையில் இட்டதையும், கோட்டை வழக்கப்படி தைப் பௌர்ணமியன்று விரல் வெட்டப்படும் என்பதையும் கடைசியில் குறித்திருந்தீர். தக்கதைச் செய்க என்று நாம் முத்திரையிட்டு அனுப்பினோம். அன்று நம் முன் இருபது ஓலைகள் கிடந்தன. உமது ஓலை பதினேழாவது. அதைப் படித்த நேரத்தைவிட முத்திரைக்கு அரக்கு உருகிய நேரம் மிகுதி என்பதை இன்று நாணத்தோடு ஒப்புகிறோம்.

நேற்றுமுன்தினம் நாகி என்னும் பெண் நம் இலாய வாசலுக்கு வந்தாள். கண்டனின் மனைவி; கோட்டையில் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைப்பவள். பதினொரு நாள் நடந்து வந்திருக்கிறாள். அழவும் இல்லை, காலில் விழவும் இல்லை. மடியிலிருந்து ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அதனுள் ஒரு பிடி குதிரை மயிர் இருந்தது. குறை என்ன என்று வினவியதற்கு அவள் உரைத்ததை, நம் நடைக்கு மாற்றினால் வலு குறையும் என்பதால், அவள் வாய்ச்சொல்லாகவே எழுதுகிறோம்: “கொள்ள குதிரதான் திங்குதய்யா. குதிரய வேற என்னமோ திங்குது. அது என்னன்னு பாருங்க, அப்புறமா வெரல வெட்டுங்க.”

முப்பது ஆண்டு அமைச்சுத் தொழிலில் இத்தனை சுருக்கமான வழக்குரையை நாம் கேட்டதில்லை.

பரிமருத்துவர் மதிசூடியாரை அழைத்தோம். அவர் அந்த மயிரை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மயிரின் அடியில் வெளிறிய ஈர் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. தட்டினாலும் உதறினாலும் விழவில்லை. வெயில் சூடு ஏறியதும் அவள் மடிச் சூட்டில் அண்மையில் பொரிந்த, எள்ளினும் சிறிய பேன் இரண்டு மெல்ல நகர்ந்தன. இளைத்ததற்கும் உராய்ந்ததற்கும் மயிர் உதிர்ந்ததற்கும் இதுவே காரணம் என்றும், குருதி குடிக்கும் பேன் பெருகினால் எத்தனை கொள்ளு கொடுத்தாலும் குதிரை தேறாது என்றும், குளிர்காலத்தில் மயிர் அடர்ந்து வளர்வதால் அப்போது பேனுக்குக் கொண்டாட்டம் என்றும் அவர் கூறினார். ஆக, திருட்டுக் குற்றம் அங்கேயே வீழ்ந்தது.

குடுமிக் குற்றத்தைக் கேட்டதும் மதிசூடியார் சிரித்துவிட்டார். குதிரைப் பேன் குதிரையிலும் அதன் இனத்திலும்தான் வாழும், மனிதப் பேன் மனிதத் தலையில்தான் வாழும், ஒன்று மற்றொன்றின் வீட்டில் குடியேறாது என்பது அவர் கூற்று. ஆதலால், ஏனாதியாரே, நீர் மழித்தது வீண் மழிப்பு. குடுமி வளர்ந்துவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

ஆயினும் ஒரு கேள்வி நின்றது. உமது இலாயம் ஒழுங்குக்குப் பேர்போனது. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிக் கொட்டில், நடுவே சுவர், தனித் தூரிகை, தனிக் கயிறு, தனிச் சேணம் என்று நாமே வந்து கண்டு பாராட்டியிருக்கிறோம். அப்படியிருக்க நாற்பத்திரண்டு குதிரைக்கும் பேன் எவ்வழியே பரவியது? குதிரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்றேனும் உண்டா என்று மருத்துவர் நாகியைக் கேட்டார். ஒன்றுமே இல்லை என்றாள். பிறகு, போர்வை ஒன்றைத் தவிர, என்றாள்.

அப்போர்வையை நீர் அறிவீர். இந்த ஓலையைக் கேட்கும் பிறரும் அறியும்பொருட்டு எழுதுகிறோம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆற்றங்கரைப் போர் முடிந்த மாலையில், மறைந்த பெரிய மாராயர் தம் தோளிலிருந்த கம்பளிப் போர்வையை எடுத்துக் காயமுற்ற குதிரை ஒன்றின்மேல் போர்த்தினார். அன்று முதல் கரடிமலையில், காலை ஓட்டத்தில் எந்தக் குதிரை முந்தி வருகிறதோ அது மறுநாள் காலைவரை அப்போர்வையை அணியும் மரியாதை வழங்கிவருகிறது. ஒருமுறை அணிந்த குதிரை, மற்றவை யாவும் அணிந்து முடியும்வரை ஓட்டத்தில் சேராது என்பதால், போர்வை நாளுக்கொரு முதுகு மாறும். சென்ற ஐப்பசியில் நெய்தற்கரை வணிகரிடம் வாங்கிய சாம்பல் நிறக் குதிரை, வந்த மறுநாளே எல்லாவற்றையும் முந்தியதாம். பேனோடு வந்த குதிரை அதுவே. வெற்றி பெற்ற குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மரியாதையோடு பேனையும் பெற்றுக்கொண்டன.

அப்போர்வை எத்தனை முறை துவைக்கப்பட்டது என்று நாகியை வினவினோம். துவைப்பதா என்று அவள் திகைத்தாள். அரசர் தோள் பட்ட ஆடையில் நீர் படலாகாது என்று தலைநகரிலிருந்து ஓலை வந்திருக்கிறதே, அதைக் கோட்டை வாசலில் ஓதிக் காட்டினார்களே என்றாள். கண்டன் இருமுறை போர்வையை வெந்நீரில் போட அனுமதி கேட்டு, இருமுறையும் அரச அவமதிப்பு என்று கடிந்துகொள்ளப்பட்டதையும் அப்போதுதான் அறிந்தோம்.

அப்படியொரு மூடக் கட்டளையை எழுதியவன் எவன் என்று கண்டுவரும்படி, சற்றே உரத்த குரலில், ஓலைச்சாலைக்கு எழுத்தனை அனுப்பினோம். அவன் சென்ற வேகத்தில் திரும்பவில்லை. வந்தபின்னும் ஓலையை நீட்டாமல் நின்றான். பிடுங்கிப் பார்த்தோம். எழுத்து நம்முடையது; முத்திரையும் நம்முடையது. பதினேழு ஆண்டுகளுக்கு முன், துவைக்கலாமா என்று உமக்கு முன்னிருந்த தலைவர் கேட்டதற்கு, அழகான நான்கு வரிகளில் நாம் விடையளித்திருக்கிறோம். எழுதியது நினைவில்லை. பேனைப் பெருமாளாக்குவது என்று ஊரார் சொல்வார்கள். நாம் பேன் குடியிருக்கும் போர்வையைப் பெருமாளாக்கிக் கோட்டையெங்கும் உலா விட்டிருக்கிறோம். எய்தவன் இங்கே இருக்க, அம்புகூட அல்லாத ஒருவன் அங்கே சிறையில் இருக்கிறான்.

இச்செய்தியை மாராயர் திருமுன் மறைக்காமல் விண்ணப்பித்தோம். அவர் சினக்கவில்லை. தம் தந்தையார் அக்குதிரை குளிரில் நடுங்கியதால் போர்த்தினார், அதை யாரும் பூசிப்பதற்காகப் போர்த்தவில்லை, அன்று தாமும் அருகில் நின்றதாக மட்டும் கூறி எழுந்து சென்றார். சினந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஆகவே நம் பழைய கட்டளையை இதனால் நீக்குகிறோம். போர்வையைக் கொப்பரையில் இட்டு, உமது கையாலேயே, படைவீரர் அனைவரும் காணக் கொதிக்க வைக்க வேண்டும். சுருங்கினால் சுருங்கட்டும், கிழிந்தால் கிழியட்டும். இனி அது எக்குதிரையின்மேலும் ஏற வேண்டா. முந்தும் குதிரைக்கு ஒரு கைப்பிடி வெல்லம் கொடுக்க; குதிரையின் கருத்தைக் கேட்டிருந்தால் முதல் நாளே அதைத்தான் சொல்லியிருக்கும்.

மருத்துவ முறை இது. நாற்பத்திரண்டு குதிரைகளுக்கும் ஒரே நாளில் செய்க. உராயாத குதிரைக்கும் செய்க, ஏனெனில் விட்டுவைத்த ஒன்றே மற்றவற்றுக்கு மீண்டும் கொடுக்கும். அடர்ந்த மயிரைக் கத்தரித்து, கத்தரித்ததைக் குழியிலிட்டு எரிக்க. உச்சி வெயிலில் பூந்திக்கொட்டை நீரால் கழுவி, பொழுது சாயும் முன் உலர்த்துக. கரடிமலைக் குளிரில் ஈரக் குதிரையைக் கட்டிவைத்தால் பேன் சாகும் முன் குதிரை சாகும். உலர்ந்தபின் வேப்பெண்ணெயில் வசம்புப் பொடி குழைத்துத் தேய்க்க. அதற்கு முதல் நாளே உள்ளங்கை அளவு இடத்தில் தேய்த்து ஒரு நாள் பொறுத்துப் பார்க்க, சில குதிரைகளின் தோல் தாங்காது. கண்ணிலும் மூக்கிலும் படவே கூடாது. மிகவும் நலிந்துபோன குதிரைகளைக் கழுவ வேண்டா. அவற்றுக்கு வசம்புப் பொடியை உலரத் தூவினால் போதும்.

ஒருமுறை செய்து பேன் ஒழிந்தது என்று மகிழ்ந்துவிடாதீர். எண்ணெய் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிந்து புதுப் பேன் வரும். அது வளர்ந்து மீண்டும் ஈர் வைப்பதற்குள், பதினான்காம் நாள், இன்னொரு முறை எல்லாவற்றையும் செய்க. இருபத்தெட்டாம் நாள் மூன்றாம் முறை. தூரிகைகளைக் கொதிநீரில் இடுக, சேணங்களை வெயிலில் காயவிடுக, பழைய வைக்கோலை எரித்துப் புது வைக்கோல் பரப்புக. இனி வாங்கும் எக்குதிரையையும், அது காற்றை முந்தும் குதிரையே ஆயினும், இருபத்தொரு நாள் தனியே கட்டிவைத்து, மயிரை விலக்கிப் பார்த்து, அதன் பின்னரே இலாயத்துக்குள் விடுக.

பிடரிக்கும் வாலுக்கும் எண்ணெய் மட்டும் போதாது. ஈர் எடுக்கும் சீப்பால் இழை இழையாகச் சீவி, கையில் சிக்கியதை நகத்தில் வைத்துக் குத்த வேண்டும். பேன் குத்துவதற்குக் கட்டை விரல் வேண்டும் என்பதை உமது தாயாரைக் கேட்டாலும் சொல்வார். நோய் எங்கே இருக்கிறது என்று உமது கோட்டையில் முதலில் அறிந்தவன் கண்டன் ஒருவனே. குதிரைகள் தலை தாழ்த்தி நிற்பதும் அவனிடமே என்கிறாள் நாகி. நீர் வெட்ட நாள் குறித்தது அவ்விரலை.

இன்று தை வளர்பிறை எட்டாம் நாள். பௌர்ணமிக்கு ஏழு நாள் இருக்கிறது. ஓட்டத்தில் வல்ல ஓலைக்காரன் ஆறு நாளில் சேர்வான்; கணவாயில் பனி மூடினால் எட்டு நாளும் ஆகும். நாகியைத் தங்கி இளைப்பாறச் சொன்னோம். ஓலை எழுதப்படும் என்று உறுதி கேட்டுக்கொண்டு, நேற்றே புறப்பட்டுவிட்டாள். வழியில் அவளைக் கண்டாலும் நின்று பேசாமல் ஓடுமாறு ஓலைக்காரனுக்கு அவளே சொல்லிவைத்துச் சென்றிருக்கிறாள். நாம் அஞ்சுகிறோம், ஏனாதியாரே. இந்நாள்வரை ஓலை அனுப்பிவிட்டு அஞ்சியதில்லை.

விரல் இருக்கும்போதே ஓலை சேர்ந்தால், சிறைக் கதவை நீரே திறந்து, கண்டனாரைக் கோட்டை இலாயங்களின் தலைமைப் பாகராக அமர்த்துக. குதிரைகள் தேறும்வரை இவ்விடயத்தில் அவர் சொல்வதே கட்டளை, அது உமக்கும் பொருந்தும். விரல் போனபின் ஓலை சேர்ந்தால், மறைக்காமல் எழுதுக. உம்மேல் பழியில்லை, நீர் நம் முத்திரையை நம்பினீர். அந்நாளே இம்முத்திரையை மாராயர் திருவடியில் வைத்துவிட்டுக் கரடிமலைக்கு வருவோம். கண்டனார் அருகில் அமர்ந்து சொல்ல, நாற்பத்திரண்டு குதிரைகளையும் நாம் சீவுவோம். நமக்குக் கட்டை விரல் இரண்டும் இருக்கின்றன.

பரிமுக முத்திரை இட்டோம். இது மாராயர் ஆணை, இவ்வண்ணமே செய்க.