திரும்பி வந்த கொய்யாக் கூடை

ஆயக்குடி

அன்பு மகன் முகேஷ்குமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், நீயும் அந்த ஊர் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் சாமி. போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே பேசுவார், அதனால்தான் கத்தார் திரும்பும் சாகுல் ஹமீது தம்பியிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

கொய்யாப் பழம் கெடாமல் வைக்க நீ ஆசையாகக் கட்டிய குளிர் அறை இரண்டு வருஷமாகக் கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறதே, நீ ஊரை விட்டுப் போனதும் அதனால்தானே. கரண்ட் ஆபீஸில் முன்பு இருந்த அதிகாரி கை நீட்டினார், நீ தர மாட்டேன் என்றாய், இணைப்புக் கேட்ட மனு நகரவே இல்லை. பழத்தை வைத்திருக்க வழியில்லாமல் கேரளா லாரிக்காரர்கள் சொன்னதுதான் விலை என்றாகிவிட்டது. பழம் தரம் பிரிக்க வருவதாக இருந்த பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், நம்மிடம் பழம் எடுத்து ஜூஸ் கம்பெனி போட இருந்த ராயப்பராஜும் வேறு ஊர் பார்த்துக்கொண்டார். நாடு ஏன் முன்னேறவில்லை என்று டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், நம் ஷெட் வாசலில் செத்த நேரம் வந்து நின்றால் தெரிந்துவிடும்.

இப்போது கரண்ட் ஆபீஸுக்கு சத்யபிரியா என்று புது அதிகாரி வந்திருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும். வெறுங்கையோடு போகக் கூடாது என்று உன் அப்பா முதல் பறிப்பில் ஒரு கூடை கொண்டுபோனார். அவள், "இதெல்லாம் வேண்டாமுங்கய்யா, எடுத்துட்டுப் போங்க, வேலை முடிஞ்சதும் போன் பண்றோம்" என்று அனுப்பிவிட்டாள். இவர் முகம் செத்துப்போய் வந்து, "பழத்தையே தொடல, இவ பெருசால்ல எதிர்பாக்குறா" என்றார். யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் அலைந்தார். ஆபீஸிலிருந்து போன் வந்தால், ரேட் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுக்கவே மாட்டார். அதற்குள் இந்தப் பருவத்துப் பழம் பாதி அழுகி மாட்டுக்குப் போய்விட்டது.

நேற்று எனக்குப் பொறுக்காமல் நானே போய், "ஏனுங்க, எங்க மனு என்னாச்சுங்க" என்று கேட்டேன். போன மாசமே உத்தரவு போட்டாச்சாம். "போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டோம்மா" என்று அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. நல்லவள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாலும் நம்பத் தெரியாத ஆளாக உன் அப்பாவை ஆக்கிவிட்டார்களே.

வெள்ளிக்கிழமை லைன்மேன் வருகிறார். அந்த மிஷினை ஓட்ட உனக்குத்தான் தெரியும், கம்பெனியில் சொல்லிக்கொண்டு வந்துவிடு அப்பு, என் கண் முன்னால் இரு. உன் அப்பா ஷெட் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவரைத் திட்டாதே, பாவம். பழனி முருகன் உனக்குத் துணை இருப்பான், நீ நல்லா இருப்பாய்.

ஒன்று மட்டும் மறக்காதே. வரும்போது அந்த அதிகாரிக்கு சென்ட் பாட்டில் வாங்கி வரச் சொல்லி உன் அப்பா போன் பண்ணுவார். நீ எடுக்காதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா
புவனேஸ்வரி