நான் அனுப்பாத மூன்று கடிதங்கள்

மார்ச் 3

அப்பா,

நான்கு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அதுவும் தாளில். எழுத்து கோணுகிறது.

நேற்று அக்கா போன் செய்தாள். "என்னடா, ராசியாயிட்டீங்களாமே! நீ வரப்போறேன்னு மனுஷன் காலையில ரெண்டு வாட்டி ஷேவ் பண்ணிட்டார்."

நான் எழுதவில்லை, அப்பா. என் மின்னஞ்சலுக்குள் யாரோ ஒருவன் புகுந்து, என் பெயரில் உங்களுக்கு எழுதியிருக்கிறான். மூன்று கடிதங்கள். வீட்டுக்கு வருவதாகச் சொல்கிறது ஒன்று. 'பழைய நம்பர் தொலைந்துவிட்டது, அதிலிருந்து கூப்பிட்டால் எடுக்காதீர்கள்' என்கிறது இன்னொன்று. அதனால்தான் என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறது கடைசிக் கடிதம். போனுக்கு வரும் ரகசிய எண்ணையும் கேட்கிறது.

எதையும் அனுப்பாதீர்கள். அக்காவைச் சொல்லச் சொன்னேன். "அந்தப் பொல்லாப்பு எனக்கு வேணாம், நீயே சொல்லிக்கோ" என்றாள்.

உங்கள் மகன்

மார்ச் 8

மகனுக்கு,

மின்னஞ்சலில் வந்த கடிதம் 'அப்பா, நலமா' என்று தொடங்கியது. இதில் நலம் விசாரிப்பே இல்லை. எடுத்ததும் உத்தரவு. நான் எதை நம்ப? மோசடிக்காரனுக்குத் தபால்தலை கிடைக்காதா? உன் அக்காவிடம் காட்டினேன். "இந்தக் கோழிக் கிறுக்கல் அவனோடதேதான்" என்றாள்.

சரி. அவன் எப்படி உள்ளே வந்தான்? முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். மெஷின் ரூம் சாவியை முகம் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. நீ யாருக்குக் கொடுத்தாய்?

அப்பா

மார்ச் 12

அப்பா,

நலமா? இப்படி எழுதினால் அவனைப் போல இருக்கிறது.

நான் கொடுக்கவில்லை. ஒரு பல் கிளினிக்கின் இணையதளத்தில் பதிவு செய்திருந்தேன். அங்கே திருடு போயிருக்கிறது. டிசம்பரிலேயே அறிவிப்பு வந்தது: உங்கள் விவரங்கள் கசிந்துவிட்டன, கடவுச்சொல்லை மாற்றுங்கள். மோசடி என்று நினைத்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்துவிட்டு அழித்தேன். அதிலிருந்த இணைப்பைத் தொடாதது சரிதான். ஆனால் கிளினிக்குக்கு நானே போன் செய்து விசாரித்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.

அங்கும் மின்னஞ்சலிலும் ஒரே கடவுச்சொல். அம்மா என்னைக் கூப்பிட்ட பெயர். மாற்ற மனம் வரவில்லை.

மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறு. அவனை வெளியேற்றினேன். இனி உள்ளே நுழைய என் போனுக்கு வரும் எண்ணும் வேண்டும். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறேன். மூடுகிறேன். திறக்கிறேன்.

நீங்கள் அவனுக்கு எழுதிய பதில்களைப் படித்தேன். படித்தது தப்பா? எனக்கு எழுதியவைதானே? கடைசிப் பதில் நான்கு பக்கம். எனக்கு நீங்கள் நான்கு வரி எழுதியதில்லை.

அட்டையின் படத்தைக் காணோம். அவன் அழித்துவிட்டானா, நீங்கள் அனுப்பவே இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். இருப்புக் கொள்ளவில்லை.

மகன்

மார்ச் 17

மகனுக்கு,

அனுப்பவில்லை.

அட்டையை மேசையில் வைத்துப் படம் எடுத்தேன். பிறகு சற்று உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நீ என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. சைக்கிள் வேண்டும் என்பதைக்கூட அம்மாதான் வந்து சொன்னாள். இவன் கேட்டான். கேட்டதும் இது நீ இல்லை என்று தெரிந்துபோயிற்று.

உன் முதல் கடிதம் வரும் முன்பே தெரியும். தெரியாதவன் போலப் பதில் போட்டேன். தெரியும் என்றிருந்தால் நீ மறுபடி எழுதியிருப்பாயா?

அந்த நான்கு பக்கமும் உன் கடிதம் வரும் முன்பு, இது நீ இல்லை என்று தெரிந்த பிறகு எழுதியது. கண்டவனுக்கு எதற்குப் பதில் என்று அக்கா திட்டினாள். அது அவனுக்கு எழுதியது இல்லை.

அம்மா இறந்த வாரம் நாம் சண்டை போட்டபோது, 'சாவியை வைத்துவிட்டுப் போ' என்றேன். நீயும் வைத்துவிட்டுப் போனாய். அது வாசல் ஆணியில்தான் தொங்குகிறது.

அப்பா

மார்ச் 21

அப்பா,

இந்தக் கடிதத்தை நம்ப வேண்டாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒன்று கேட்கிறேன். அந்தச் சாவி.

தபாலில் அனுப்பாதீர்கள். சனிக்கிழமை காலை வருகிறேன். முகம் பார்த்துக் கொடுங்கள்.

மகன்