சிப்பிகள் வாய் திறந்தன

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, கூடவே அவரும் முனகுகிறார். நீயும் நலமாக இருக்க வேண்டும், ஆனால் போனில் கேட்ட உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. துறைமுகத்தில் தூண் அடிக்கும் சத்தம் கடலடியில் நண்டையும் சிப்பியையும் வாட்டுகிறது என்று அளந்து காட்டியும் அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அதனால் எங்கள் சிப்பிப் பண்ணையில் நடந்ததைக் கேள்.

மூன்று மாதமாக என் தொட்டிச் சிப்பிகள் வாயை இறுக மூடிக்கொண்டு வளராமல் கிடந்தது உனக்குத் தெரியும். போட்ட தீனி அப்படியே மிதக்கும். மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் தொட்டிகளை மூடிவிடுவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன், தீனி கொண்டுவருகிறவரோடு சண்டையும் போட்டேன். தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எங்கே இருக்கிறது என்று நீ கேட்ட பிறகுதான் பொறி தட்டியது. பண்ணையின் ஃபிட்டர் உன் அப்பாதானே, இடம் மிச்சமாகட்டும் என்று மோட்டாரைத் தொட்டியின் இரும்புச் சட்டத்திலேயே போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதன் அதிர்வுதான் சிப்பிகளை வாட்டுகிறது என்று சொன்னதும் குதித்தார் மனிதர். சிப்பிக்கு ஏது காது, நான் மாட்டின மோட்டார் பூனை மாதிரி ஓடுது என்றார். நான் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தேன். முழங்கை வரை கிடுகிடுவென்று அதிர்ந்தது. உடனே ஸ்பேனரை எடுத்தார்.

இப்போது மோட்டார் வெளியே, பழைய டயர்த் துண்டுகள்மேல் ஓடுகிறது. நாலாம் நாள் காலையில் பாதிக்கு மேல் வாய் திறந்திருந்தன, மத்தியானத்துக்குள் தீனி காலி. இரண்டு வாரத்தில் ஓட்டின் ஓரத்தில் மெல்லிசாகப் புது விளிம்பு வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது போ. முதலாளியம்மாவும் தொட்டிகள் இருக்கட்டும் என்றுவிட்டார். முப்பது வருஷமாக நான் சொல்லியும் ரேடியோவைக் குறைக்காத உன் அப்பா, சிப்பிக்காக என்னை வாளியை மெதுவாக வைக்கச் சொல்கிறார்!

ஆகவே வந்துவிடாதே கண்ணு. அந்தத் தூண்காரர்களிடம் தாள்களை நீட்டாதே, படகில் கூட்டிப்போய்க் கையைத் தண்ணீருக்குள் விடச் சொல். வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. பொட்டலத்தில் இருப்பது அந்த மோட்டாரின் நாலு போல்ட்டுகள், அப்பாவே துடைத்து எண்ணெய் போட்டு உனக்கு அனுப்பச் சொன்னார், உன் மேஜையில் வைத்துக்கொள்.

உன் அம்மா