கட்டம் போட்ட சாம்பிள் சட்டை

சரோஜினி நகர்,
புது டில்லி.
14-3-1983

சிரஞ்சீவி முகுந்தனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உன் தங்கை வத்சலாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உன்னைப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். குளிர் விட்டுவிட்டது, ரஜாய்களை வெயிலில் போட்டு மடித்து வைத்தாகிவிட்டது. அப்பாவுக்கு ரிடையராக இன்னும் ஏழு மாதம், அதற்குள் இந்த கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸை என் பேருக்கு மாற்ற முடியுமா என்று எஸ்டேட் ஆபீசுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்று தெரியும். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்து முடித்திருப்பாய். இருபத்தாறு வருஷமாக யார் யாரோ சொன்னதை இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தே ஸ்டெனோவாகக் காலம் தள்ளியவள் நான், இதை அப்படி எழுத மனசு வரவில்லை. மெதுவாகப் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

சனிக்கிழமை எதிர் பிளாக் கல்யாணராமன் வீட்டுக்கு ட்ரங்க் கால் போட்டு, அந்த சாம்பிள் சட்டை ஜோதிலிங்கம் கைக்கு எப்படிப் போயிற்று என்று அப்பாவிடம் கேட்டாயாம். அப்பா தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரியும். வத்சலா எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று நீ சந்தேகப்பட்டாயாம், ஜோதிலிங்கம் நம் வீட்டில் வந்து திருடியிருப்பார் என்று கூடச் சொன்னாயாம். இரண்டும் இல்லை. நான்தான் கொடுத்தேன். என் கையால் காகிதத்தில் சுற்றி, பஸ் ஏறி ஓக்லாவில் அவர் யூனிட்டுக்குப் போய், அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஜோதிலிங்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் நீ நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் ஞாபகப்படுத்த வேண்டும் போல இருக்கிறது. கரூரிலிருந்து டெய்லராக வந்து, கட்டிங் மாஸ்டராகி, பிறகு நாற்பது மிஷின் போட்டு எக்ஸ்போர்ட் சட்டை தைக்கிறவர். நீ பி.காம். படிக்கும்போது இரண்டு கோடை லீவு அவரிடம்தான் போய் உட்கார்ந்தாய். இன்வாய்ஸ் என்றால் என்ன, பாங்க் பேப்பர் எப்படிப் போகிறது, கப்பல் தேதி தவறினால் என்ன ஆகும், எல்லாம் அங்கே கற்றுக்கொண்டதுதான். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் பிசினஸ் மாஸ்டர் டிகிரிக்கு நீ மனுப் போட்டபோது வேலை அனுபவத்துக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது, நான் அடித்துக் கொடுத்ததை ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். தம்பி படிச்சுட்டு வந்தா நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வாய் கிடைச்ச மாதிரிங்க என்று சொன்னார். ஏன் அந்தப் படிப்பு என்று மூன்று பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்களே, அதையும் நான்தான் அடித்தேன். என் தேசத்தில் நன்றாகத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் இல்லை என்று எழுதியிருந்தாய். நாலு தடவை மாற்றி மாற்றி அடித்ததால் அந்த வரி எனக்கு மனப்பாடம். ஆபீசில் எத்தனையோ பொய் அடித்திருக்கிறேன், அது நிஜம் என்று நினைத்து அடித்தேன்.

படிக்கும்போது நீ எழுதிய கடிதங்களெல்லாம் என்னிடம் இருக்கின்றன. பதினோரு தேசத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, பாதிப்பேர் வாங்குகிறவர்களாகவும் பாதிப்பேர் விற்கிறவர்களாகவும் நடித்து பேரம் பேசுவீர்கள் என்றும், வாங்குகிறவனாக உட்கார்ந்த தடவையெல்லாம் நீதான் ஜெயித்தாய் என்றும் எழுதினாய். அப்பா அதை கோல் மார்க்கெட்டில் இருக்கிற தன் சிநேகிதர்கள் அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினார். விற்கிறவனாக உட்கார்ந்தபோது என்ன ஆயிற்று என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன ஜூனில் அமெரிக்கக் கம்பெனிக்குச் சட்டை வாங்குகிற ஆளாக நீ டில்லி வந்து ஜோதிலிங்கத்துக்கே ஆர்டர் கொடுத்தபோது நான் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, சாம்பிளைப் பார்த்துச் சரி என்று நீயே அட்டையில் கையெழுத்துப் போட்டு, பட்டனில் கட்டி, ஒன்று உனக்கும் ஒன்று அவருக்கும் என்று வைத்துக்கொண்டீர்கள். ஏஷியாட் விளையாட்டுச் சமயத்தில் டில்லியில் ஆள் கிடைக்காமல் தவித்த நாளிலும் அவர் சொன்ன தேதிக்கு முடித்து வைத்தார். டிசம்பரில் நீ வந்து ஹோட்டலில் தங்கினாய். ஒரே நாளில் மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். கலர் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை, தையல் நெருக்கமாக இல்லை என்று எழுதிக் கொடுத்தாய். அன்று ராத்திரி சாப்பிட வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு நீயே சொன்னாய், அங்கே கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது, ஏதாவது குறை கண்டுபிடித்து ஆர்டரை நிறுத்து என்று மேலே இருக்கிறவன் போனில் சொன்னான், நான் என்ன செய்ய முடியும், இது பிசினஸ் அம்மா, இதில் பர்சனலாக ஒன்றும் இல்லை என்று. ரசம் கொஞ்சம் போடு என்றும் கேட்டாய். நான் போட்டேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் ரசம் போட்டதற்குத்தான் நான் என்னையே மன்னிக்கவில்லை.

ஜனவரியில் ஜோதிலிங்கம் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி மூன்றில் ஒரு பங்குச் சட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அது எங்கே வந்தது தெரியுமா, நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம், இதே சரோஜினி நகர் மார்க்கெட் நடைபாதையில் ஒருத்தன் ஏற்றுமதிச் சரக்காகக் குவித்துப் போட்டு எக்ஸ்போர்ட் கா மால், எக்ஸ்போர்ட் கா மால் என்று கூவிக்கொண்டிருந்தான். கம்பெனி லேபிளை மட்டும் கத்தரித்திருந்தார்கள். கறிகாய்ப் பையோடு நின்று பார்த்தேன். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வீராயி அன்றைக்கு என்னோடு வந்திருந்தாள். அவள் மத்தியானம் முழுக்க ஜோதிலிங்கத்தின் யூனிட்டில்தான் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள் என்பது உனக்குத் தெரியாது, உனக்கு எதற்குத் தெரிய வேண்டும். அவளையும் இன்னும் பதினெட்டுப் பெண்களையும் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவள் குனிந்து ஒரு சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, நம்ம தம்பியே வேணாம்னு சொல்லிட்டாருன்னா எங்க கையில ஏதோ தப்பு நடந்துபோச்சும்மா, அவரு படிச்சவரு, அவருக்குத் தெரியாதா என்றாள். முகுந்தா, நீ என்ன செய்திருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். அவள் உன்மேல் கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். தன் கைமேல் தப்பு என்று அவள் நம்பிவிட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து உன் அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் அந்தச் சட்டை இருந்தது. பட்டனில் அட்டை, அட்டையில் உன் கையெழுத்து, தேதி பதினேழு ஜூன். அது ஜோதிலிங்கத்திடம் இருந்த சாம்பிள். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று டிசம்பரில் வாங்கிக்கொண்டு போனவன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று அவர் எங்கள் எதிரில் ஒருநாள் மெதுவாகச் சொல்லியிருந்தார், மறந்திருப்பாருங்க என்று அவரே சமாதானமும் சொன்னார். வத்சலா மார்க்கெட்டுக்கு ஓடி நடைபாதைச் சட்டை ஒன்று வாங்கிவந்தாள். ஜன்னலோரம் இரண்டையும் விரித்துப் போட்டு, ஊசியை வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினாள். அம்மா, பில்குல் ஸேம், கலரும் ஸேம் என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். அப்பா, அவன் நம்ம பிள்ளைடீ, அதை இருந்த இடத்திலேயே வெச்சுடு என்றார். வைத்துவிட்டேன். சாப்பிட வந்த அன்று ராத்திரி மறந்துதான் விட்டுவிட்டுப் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்தேன்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்தது. வத்சலாவும் அதே டிகிரிக்கு வர வேண்டும், புரொபசரிடம் பேசிவிட்டேன், ஃபாரம் உள்ளே இருக்கிறது என்று இரண்டு பக்கம். வழவழவென்று புத்தகம் ஒன்றும் வைத்திருந்தாய், அதில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், என் அலமாரியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தால் கிழித்துப் போட்டுவிடு, யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நீ எழுதாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டை இன்னும் அலமாரியில்தான் இருந்திருக்கும், நானும் உன்னை நல்லவனாகவே வைத்துக்கொண்டிருந்திருப்பேன். மறுநாள் லீவு போட்டேன்.

ஜோதிலிங்கம் அதைத் தொடவே இல்லை. மேஜைமேல் இருந்ததையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேண்டாமுங்கம்மா, இது வெளிய வந்தா தம்பிக்கு வேலை போயிருமுங்க, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேனுங்க என்றார். போகட்டும் என்றேன். அம்மா நீங்களா சொல்றீங்க என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன், இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். மூன்று நாள் அவர் ஒன்றும் செய்யவில்லை. நாலாவது நாள் சட்டையை எடுத்துக்கொண்டு எக்ஸ்போர்ட்டர்கள் சங்கத்துக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டெலக்ஸ் மூலமாக உனக்கே தெரிந்திருக்கும். உங்கள் கம்பெனியோடு டில்லியில் யாரும் வியாபாரம் செய்ய மாட்டோம் என்று சங்கத்தில் சொன்ன பிறகுதான் போன வாரம் பதில் வந்தது. மீதிச் சட்டைகளை முதலில் பேசிய விலைக்கே எடுத்துக்கொள்கிறார்களாம். வீராயி மறுபடி யூனிட்டுக்குப் போகிறாள், எல்லாரையும் கூப்பிடவில்லை, பாதிப்பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். உன் கையில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் பிள்ளையோடது என்று அவளிடம் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சாம்பல் தீர்ந்துபோச்சும்மா என்றாள்.

அந்தப் பதிலில் இன்னொரு வரியும் இருந்ததை ஜோதிலிங்கம் எனக்குக் காட்டத் தயங்கினார், நான் பிடுங்கிப் படித்தேன். எங்கள் பிரதிநிதி தன் இஷ்டத்துக்கு இப்படிச் செய்துவிட்டார், கம்பெனிக்கு இது தெரியாது, அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று அடித்திருந்தார்கள். போனில் உனக்கு உத்தரவு போட்டவன் பேர் எங்கேயும் இல்லை. எத்தனையோ வருஷம் அதிகாரிகளுக்குக் கடிதம் அடித்தவள், இப்படி ஒரு வரியை எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதை என் பிள்ளையைப் பற்றிப் படிப்பேன் என்று நினைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், இப்படித்தான் எழுதுவார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். விளக்கம் கேட்டால் உள்ளதை எழுது. யார் சொன்னான், எப்போது சொன்னான், நீ என்ன செய்தாய், மூன்றையும் எழுது. நீ செய்ததை விட்டுவிட்டு அவன் சொன்னதை மட்டும் எழுதாதே.

வத்சலா நீ அனுப்பிய ஃபாரத்தை நிரப்பவில்லை. படிப்பின் மேல் எங்களுக்கு ஒன்றும் கோபமில்லை. அவள் இங்கேயே சாயங்கால வகுப்பில் அயல்நாட்டு வர்த்தக டிப்ளமாவுக்குச் சேர்ந்திருக்கிறாள், வாரத்தில் மூன்று நாள் ஜோதிலிங்கத்திடம் போய் காண்ட்ராக்ட் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறாள். நீ விட்டுப்போன புத்தகங்களை எடுத்துக்கொண்டாள், உன் பேரை அடிக்கவில்லை, அதற்குக் கீழே தன் பேரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை, காபி வேண்டும் என்றால் வத்சலாவிடம் சொல்லியனுப்புகிறார். பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒரு தடவை சொன்னார், அது உண்மைதான். அவர் உனக்குத் தனியாக எழுதுவார். நீயும் என்மேல் கோபமாக இரு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. வேலை போனால் இங்கே வா. உன் கட்டில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளாதே. எல்லா க்ஷேமமும் உனக்கு உண்டாகட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கிற தைரியமும் சேர்த்து.

ஒன்றை மறக்காதே. எனக்கு எழுதுவதற்கு முன்னால் ஜோதிலிங்கத்துக்கு எழுது. விலாசம் உனக்குத் தெரியும், இரண்டு கோடை தினமும் போய்வந்த இடம். இருந்தாலும் இதோடு தனிக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன், தெரியாது என்று நீ சொல்லக்கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
சுந்தரவல்லி சேஷன்