மூதூர் லோஞ்சும் என் முழங்காலும்

மார்ச் 5, திங்கள்
மழை விட்டு நல்ல வெயில். மு.ப. 8, மூதூர் துறை. பள்ளிக்கூடத்துக்கு வரும் லோஞ்சுப் படகைக் கட்டி முடிக்குமுன் பாய்ந்தேன், வழக்கம்போல. கால் பலகையில் நின்றது, உடம்பு திரும்பியது. முழங்காலுக்குள் 'டக்'. விளையாட்டு டீச்சர் விழுந்ததைப் பார்க்கப் பாதி மூதூரும் அங்கே. அடுத்த லோஞ்சில் வீடு.

மார்ச் 6
ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை. வீட்டுக்காரருக்கு அது போதும். "முறிவில்லைத்தானே, பிறகேன் முகத்தை நீட்டுறீர்?" இவருடைய தங்கச்சி கார் பிடித்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கொண்டுபோனாள். "சுடுதண்ணி வாத்தா எல்லாம் இளகும் மச்சாள்." ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தாள். பக்கத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய வந்த குடும்பம். அவர்களைவிட நான்தான் கூட அழுதேன். பின்னேரம் முழங்கால் பூசணிக்காய்.

மார்ச் 8
திரும்ப ஆஸ்பத்திரி. பெரிய டொக்டர் காலை அசைத்துப் பார்த்தார். உயிர் போனது.
"எலும்புகளைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற நார் கிழிஞ்சிருக்கு. எக்ஸ்ரேயில தெரியாது. புது வீக்கத்துக்கு ஆர் சுடுதண்ணி வாக்கச் சொன்னது? ஐஸ் வையுங்கோ. ரெண்டு மாதம் பாயக் கூடாது."
மச்சாள் சுவரைப் பார்த்தாள். மீன் வாடியிலிருந்து இவர் ஐஸ் கொண்டுவந்தார். கால் முழுக்கச் சூடை மீன் மணம்.

மார்ச் 24
வீக்கம் வற்றிவிட்டது. தொடைச் சதையும் கூடவே. கதிரையில் இருந்து, பாதத்தில் மணல் பை கட்டித் தூக்குதல்: காலை 20, பின்னேரம் 20. பதினாலிலேயே நடுக்கம்.
பள்ளிக்கூட அதிபரின் கடிதம். வலைப்பந்து அணி இனிச் சங்கீத டீச்சரிடமாம். பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவளிடம்! ஏழு வருடம் நான் வளர்த்த அணி. 'நீங்கள் வரும்வரை' என்று ஒரு சொல் இல்லை.

மே 7, திங்கள்
வெக்கை. லீவு முடிந்து முதல் நாள். முழங்காலில் பட்டி. அணியைத் திருப்பிக் கேட்க வேண்டியதெல்லாம் மனப்பாடம்.
துறையில் இறங்கக் கை தந்தது பரீதா. மூன்று வருடத்துக்கு முன் என் அணியில் சென்டர். இறுதிப் போட்டிக்கு முன் கணுக்கால் புரண்டு அழுதவள். நோவோடு ஓடினால்தான் சரியாகும் என்று நான்தான் இறுக்கிக் கட்டி இறக்கினேன். வென்றோம். இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.
"எவ்வளவு நாள் வீட்டில இருந்தீங்க டீச்சர்?"
"டொக்டர் ரெண்டு மாதம் சொன்னவர்."
"எனக்கு நீங்க ரெண்டு நாள்தான் தந்தீங்க."
அவள் சிரிக்கவில்லை. கையை விடவும் இல்லை, துறை முடியும்வரை.
அதிபரின் அறை. வரவுக் கையெழுத்துப் போட்டேன். "வேறென்ன டீச்சர்?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.