எனக்காக அவர் நேர்ந்துகொண்டது

திகாம் பத்து வீடு, ஞாயிறு இரவு

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு இன்று காலைதான் முதன்முறையாக ஓடினேன். மெதுவாக ஓடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எங்கள் தாமான் குடியிருப்புத் திடலைச் சுற்றிவிட்டு வியர்வையோடு வீட்டுக்கு வந்தால், கேட்டிலேயே நிற்கிறார் என் வீட்டுக்காரர்.

"என்னா காரியம் செஞ்சிட்ட? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா நீ இனிமே ஓடவே மாட்டேன்னு முனீஸ்வரன்கிட்ட வேண்டியிருக்கேன்லா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேர்ந்துகொள்கிறவர்கள் தங்கள் தலையை மொட்டை போடுவார்கள், பால்குடம் எடுப்பார்கள். இவர் என் ஓட்டத்தைச் சாமிக்குக் கொடுத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

"உங்க சிகரெட்ட விட்டுடுறேன்னு வேண்டியிருக்கலாமே?" என்றேன்.

ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாராம், மகள் சொன்னாள். அழுதால்? கால் யாருடையது?

சாயந்தரத்திலிருந்து இடுப்பு வலிக்கிறது. சொன்னால் சாமி குத்தம் என்பார். தைலம் அவர் தலைமாட்டில் இருக்கிறது. அவர் தூங்கட்டும் என்றுதான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் குறட்டை வரவில்லை.